பேனா கடைவதற்கான மரக்கட்டைகளுக்கு ரெசின் ஊட்டுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூஞ்சை படர்ந்து கருங்கோடுகள் விழுந்த மரம், தண்டில் முண்டாகப் புடைத்து வளர்ந்த மரம், பாதி இற்றுப்போன மரம் ஆகியவற்றில்தான் கண்ணைப் பறிக்கும் கோலங்கள் இருக்கின்றன. லேத்தில் ஏற்றி உளியை வைத்ததும் முதலில் உதிர்ந்து கொட்டுவதும் அவைதான். அத்தகைய மரத்தின் உள்ளே நீர்மையான ரெசினைச் செலுத்தி, வெப்பத்தால் இறுக வைத்து, கடைசலுக்குத் தாங்கும்படி ஆக்குவதையே இங்கு ரெசின் ஊட்டுதல் என்று குறிப்பிடுகிறோம். புதிதாகத் தொடங்குபவர்கள் பம்பைப் பற்றியும் ரெசினைப் பற்றியுமே அதிகம் கேட்கிறார்கள். வேலையின் வெற்றி தோல்வியைச் சொல்வது ஒரு சாதாரண மின்னணுத் தராசு என்பதால், கீழுள்ள பதில்களில் எடை பற்றிய பேச்சு அடிக்கடி வரும்.

ரெசின் ஊட்டும்போது மரத்துக்குள் என்ன நடக்கிறது?

மரம் என்பது நுண்ணிய குழாய்களின் கட்டு. மரம் உயிருடன் இருந்தபோது நீர் ஓடிய அந்தக் குழாய்களில், உலர்ந்த பிறகு காற்று நிறைந்திருக்கும். வெற்றிடப் பாத்திரத்தில் அந்தக் காற்றை வெளியேற்றிவிட்டு, அதன் இடத்தில் தண்ணீரைப் போல ஓடக்கூடிய மெத்தாக்ரிலேட் வகை ரெசினை நிரப்புகிறோம். பிறகு சூடாக்கும்போது ரெசினின் சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகப் பிணைந்து கெட்டியான பிளாஸ்டிக்காக மாறுகின்றன. மரத்தின் இழை அப்படியே இருக்கிறது. வெற்றிடங்கள் மட்டும் கெட்டிப்படுகின்றன. 1960களில் மெத்தில் மெத்தாக்ரிலேட்டை மரத்தினுள் செலுத்திக் காமாக் கதிர்களால் இறுக வைக்கும் ஆய்வுகள் நடந்தன. இன்று வீட்டுப் பட்டறையில் கதிர்களின் வேலையை வினையூக்கியும் ஒரு சிறிய மின்சார ஓவனும் செய்துவிடுகின்றன.

எல்லா மரத்துக்கும் இது தேவையா?

தேவையில்லை. வைரம் பாய்ந்த மரத்துக்கு ரெசின் ஊட்டுவது பெரும்பாலும் வீண் வேலை. கருங்காலி, தோதகத்தி போன்றவை இயல்பிலேயே அடர்த்தியானவை. அவற்றின் குழாய்கள் பல இடங்களில் அடைபட்டிருப்பதால் ரெசின் உள்ளே போவதும் அரிது. தேக்கைப் போல எண்ணெய்ப் பசை கொண்ட மரங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு: அந்த எண்ணெய் ரெசினில் கரைந்து, அதன் நிறத்தையும் சில வேளைகளில் இறுகும் தன்மையையும் கெடுத்துவிடும்.

உண்மையான பயன் வைரத்தைச் சுற்றியுள்ள வெளிறுப் பகுதிக்கும், மென்மரங்களுக்கும், பூஞ்சை தின்று இலேசாகிப்போன மரத்துக்கும்தான். பூஞ்சை படர்ந்த மாமரமும் புளியமரமும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள். கட்டை மீது கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்தால் ரெசின் வேண்டும். நகம் வழுக்கினால், அப்படியே கடைந்துவிடலாம். விரலால் நசுக்கினாலே மாவாகும் அளவுக்கு உளுத்த மரத்தை மட்டும் விட்டுவிடுங்கள், ஏனெனில் ரெசின் பற்றிக்கொள்ள அதில் இழையே மிஞ்சியிருக்காது.

கையிலுள்ள எபாக்ஸி அல்லது பாலியெஸ்டர் ரெசினையே பயன்படுத்தலாமா?

முடியாது. எபாக்ஸி மிகவும் கெட்டியானது. நுண்குழாய்களுக்குள் நுழைவதற்குள் அது இறுகத் தொடங்கிவிடும். பாலியெஸ்டரில் கலந்திருக்கும் ஸ்டைரீன் வெற்றிடத்தில் ஆவியாகி வெளியேறிவிடும். இற்றுப்போன கதவு நிலைகளுக்குப் பூசும் மரக் கடினமாக்கிகளில் பெரும்பங்கு கரைப்பான் என்பதால், அவை வெற்றிடத்தில் கொதிக்கின்றன. கரைப்பான் போன பிறகு மரத்தில் எஞ்சுவதும் குறைவு. இந்த வேலைக்கென்றே தயாரிக்கப்படும், வெப்பத்தால் மட்டும் இறுகும் மெத்தாக்ரிலேட் ரெசின்தான் பொருத்தமானது. பேனா கடைபவர்களிடையே நன்கு அறியப்பட்ட கேக்டஸ் ஜூஸ் இந்த வகையைச் சேர்ந்தது.

பாலிஎதிலீன் கிளைக்கால் ஊட்டுவதும் இதுவும் ஒன்றா?

இரண்டும் வேறு. பாலிஎதிலீன் கிளைக்கால் ஈரமான மரத்துக்கானது. அது மரச் செல்களின் சுவருக்குள் நீர் இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, மரம் சுருங்குவதையும் வெடிப்பதையும் தடுக்கிறது. 1628இல் மூழ்கி 1961இல் கடலிலிருந்து மீட்கப்பட்ட சுவீடனின் வாசா கப்பலின் மீது 17 ஆண்டுகள் தெளிக்கப்பட்டது இதே பொருள்தான். ஆனால் அது கெட்டிப்படுவதில்லை. மெழுகுத் தன்மையுடன் நீரில் கரையக்கூடியதாகவே இருக்கும். பேனாவைப் போல எப்போதும் வியர்த்த கையில் புழங்கும் பொருளுக்கு அது ஏற்றதல்ல.

மரம் எவ்வளவு உலர்ந்திருக்க வேண்டும்?

முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும். இதில் சலுகையே கிடையாது.

இரண்டு ஆண்டுகள் நிழலில் உலர்ந்த கட்டையில்கூட, சுற்றிலும் உள்ள காற்றின் ஈரப்பதத்தைப் பொறுத்து, சுமார் 8 முதல் 12 விழுக்காடு வரை நீர் இருக்கும். மேசை செய்வதற்கு அது போதுமான உலர்வு. ரெசின் ஊட்டுவதற்குப் போதாது. தொடக்க காலத்தில் ஈரப்பத அளவி 9 விழுக்காடு காட்டிய சில மாமரக் கட்டைகளை நான் அப்படியே பாத்திரத்தில் இறக்கியிருக்கிறேன். ஓவனிலிருந்து எடுத்தபோது அவை வெளியே கல்லைப் போல இருந்தன. துளையிடத் தொடங்கி, பிட் கட்டையின் நடுப்பகுதியை எட்டியதும், உலர்ந்த துருவலுக்குப் பதிலாக வெண்மையான களிம்பு ஒன்று பிட்டைச் சுற்றிக்கொண்டு வந்தது. கூடவே பல்செட் கட்டும் இடத்தில் வருமே, அந்த நெடி. உள்ளே நீர் இருந்த இடங்களில் ரெசின் சரியாக இறுகவில்லை. அன்று வைத்த ஆறு கட்டைகளும் குப்பைக்குப் போயின.

முறை எளிது. கட்டைகளை 104 டிகிரி செல்சியஸில், அதாவது நீரின் கொதிநிலைக்குச் சற்று மேலே, 24 மணி நேரம் ஓவனில் வைக்க வேண்டும். ஒவ்வொரு கட்டையிலும் பென்சிலால் எண் எழுதி, எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடை பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு எடைகள் ஒன்றாக இருந்தால் உலர்ந்துவிட்டது என்று பொருள். இன்னும் குறைந்துகொண்டே இருந்தால், கடிகாரம் என்ன சொன்னாலும், மரம் உலரவில்லை. பச்சை மரத்தை நேரடியாக ஓவனில் வைத்தால் வெடிக்கும் என்பதால், முதலில் அதைக் காற்றில் உலரவிட்ட பிறகே இந்தக் கட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

உலர்ந்த கட்டைகளை ஆறவிடும் விதத்தையும் கவனிக்க வேண்டும். திறந்த மேசையில் வைத்தால் அவை உடனே காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சத் தொடங்கும். சூட்டோடு ரெசினில் போட்டால், அந்தச் சூடே பாத்திரத்திலுள்ள ரெசினை இறுக வைக்கத் தூண்டும். ஆகவே ஓவனிலிருந்து எடுத்த கையோடு ஜிப் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே திறக்க வேண்டும்.

எந்தப் பம்ப்? எந்தப் பாத்திரம்?

குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவர்கள் பயன்படுத்தும், எண்ணெயில் இயங்கும் இரண்டு கட்ட வெற்றிடப் பம்ப் போதுமானது. பிரேக்கிலிருந்து காற்றெடுக்கும் கைப்பம்புகளால் அந்த அளவு வெற்றிடத்தை எட்டவும் முடியாது, மணிக்கணக்கில் நிலைநிறுத்தவும் முடியாது. பம்பின் எண்ணெய் பால் கலந்தது போல மங்கினால், ஈரமோ ரெசின் ஆவியோ அதில் கலந்துவிட்டது, உடனே மாற்றிவிடுங்கள்.

பாத்திரத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியின் மீது, உள்ளே முழு வெற்றிடம் இருக்கும்போது, வெளிக்காற்று ஏறத்தாழ 500 கிலோ எடைக்கு ஈடாக அழுத்துகிறது. சமையலறைக் கண்ணாடிச் சாடிகள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. உள்நோக்கி நொறுங்கினால் சில்லுகள் எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது. தடித்த எஃகுப் பாத்திரத்தையோ, வெற்றிட வேலைக்கென்றே விற்கப்படும் பாத்திரத்தையோ பயன்படுத்துங்கள். மூடி அக்ரிலிக்காக இருந்தால் அதை ஸ்பிரிட்டாலோ அசிட்டோனாலோ துடைக்கக் கூடாது. நுண் விரிசல்கள் விழும்.

வெற்றிட அளவி ஏன் முழு அளவைக் காட்டுவதில்லை?

கசிவு காரணமாக இருக்கலாம். உயரமும் காரணமாக இருக்கலாம். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். 1500 மீட்டர் உயரத்தில் அது சுமார் 634 மட்டுமே என்பதால், எவ்வளவு நல்ல பம்பாக இருந்தாலும் அங்கே அளவி அதைத் தாண்டாது. சந்தேகம் இருந்தால், ரெசின் ஊற்றாமல் வெறும் பாத்திரத்தில் வெற்றிடம் ஏற்படுத்தி, வால்வை மூடிப் பம்பை நிறுத்திவிட்டு, மறுநாள் காலையில் முள்ளைப் பாருங்கள். நகர்ந்திருந்தால் கசிவு; பெரும்பாலும் ரப்பர் வளையத்திலோ குழாய் இணைப்பிலோ இருக்கும்.

கட்டைகளைப் பாத்திரத்தில் எப்படி அடுக்குவது?

உலர்ந்த மரம் மிதக்கும். எனவே மேலே ஒரு துருப்பிடிக்காத எஃகுத் துண்டைப் பாரமாக வைத்து, கட்டைகளுக்கு மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நிற்கும்படி ரெசின் ஊற்ற வேண்டும். கட்டைகள் ரெசினைக் குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும்; இடையில் மேற்பகுதி வெளியே தெரிந்தால், அங்கே ரெசினுக்குப் பதிலாகக் காற்றே நுழைந்துவிடும். பாத்திரத்தின் மேல்பாதி காலியாக இருப்பது நல்லது. தொடங்கிய சில நிமிடங்களில், பால் பொங்குவது போலவே, நுரை எழும்பும். அப்போது வெளிக்காற்றை உள்ளே விடும் வால்வைச் சற்றுத் திறந்து நுரையை அடக்கி, மீண்டும் மெல்ல மூட வேண்டும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு நகரக் கூடாது என்பது இங்கும் பொருந்தும். நுரை பம்புக்குள் போனால் பம்புக்கே கேடு.

குமிழ்கள் நிற்கவே மாட்டேன் என்கின்றனவே?

பேனாக் கட்டைகளில் குமிழ்கள் அடங்கச் சில மணி நேரமாவது ஆகும்; அடர்ந்த மரத்தில் ஒரு நாள்கூட ஆகலாம். அதன் பின்னும் ஓயாமல் வந்தால் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, மேலே சொன்ன கசிவு. மற்றொன்று, ஈரம். 25 டிகிரி வெப்பநிலையில், அழுத்தம் சுமார் 24 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே இறங்கினால் நீர் கொதிக்கத் தொடங்கிவிடும். நல்ல பம்ப் அதைவிடத் தாழ்ந்த அழுத்தத்தை எளிதில் எட்டும். அப்போது மரத்திலுள்ள ஈரம் ஆவியாகிக் குமிழ்களாக வந்துகொண்டே இருக்கும். பார்ப்பவர், காற்று இன்னும் மிச்சமிருக்கிறது என்று எண்ணிக் காத்திருப்பார். இப்படி நேர்ந்தால் தராசில் எழுதிய எண்களைத் திரும்பப் பாருங்கள்.

குமிழ்கள் நின்றதும் எடுத்துவிடலாமா?

கூடாது. பலரும் தவறுவது இந்த இடத்தில்தான், காரணம் வெற்றிடத்தைப் பற்றிய ஒரு தவறான எண்ணம். வெற்றிடம் ரெசினை உள்ளே இழுப்பதில்லை. அது காற்றை வெளியேற்றுவதோடு சரி. பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது மரத்துக்குள் போகும் ரெசின் மிகவும் குறைவு. வால்வைத் திறந்து வெளிக்காற்று பாத்திரத்துக்குள் வந்த பிறகுதான், அந்தக் காற்றின் அழுத்தம் ரெசினை வெறுமையாகக் கிடக்கும் குழாய்களுக்குள் தள்ளுகிறது. கையில் பிழிந்து தண்ணீருக்குள் வைத்த கடற்பஞ்சைப் போல என்று சொல்லலாம்: நீரைக் குடிப்பது பிழியும்போது அல்ல, பிடியை விட்ட பிறகு.

எனவே, பம்பை ஓட்டிய நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரமாவது கட்டைகள் ரெசினில் மூழ்கிக் கிடக்க வேண்டும். ஐந்து மணி நேரம் பம்ப் ஓடியிருந்தால் குறைந்தது பத்து மணி நேரம். இரவு முழுவதும் விட்டுவிடுவதே என் வழக்கம். கூடுதலாக ஊறுவதால் எந்தக் கேடும் இல்லை. ஒரு எச்சரிக்கை: பாத்திரத்துக்கும் பம்புக்கும் இடையிலுள்ள வால்வை மூடாமல் பம்பை நிறுத்தினால், சில பம்புகளில் எண்ணெய் பின்னோக்கிப் பாத்திரத்துக்குள் ஏறிவிடும். முதலில் அந்த வால்வை மூடி, பிறகு பம்பை நிறுத்தி, கடைசியாகக் காற்றை உள்ளே விடுங்கள்.

ஓவனில் எவ்வளவு நேரம், எந்தச் சூட்டில்?

பொதுவாக 90 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை; ரெசின் புட்டியில் வேறு அளவு கூறப்பட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். கட்டையின் நடுப்பகுதி அந்தச் சூட்டை எட்டுவதுதான் கணக்கு. பேனாக் கட்டைகளுக்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் போதும். கத்திப்பிடிக்கான தடித்த கட்டைகளுக்கு இன்னும் நேரம் வேண்டும். ஓவனின் திருகுமுனையில் எழுதியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். சிறிய ஓவன்களில் அது 15, 20 டிகிரி வரை முன்பின்னாக இருப்பது இயல்பு. உள்ளே தனியாக ஒரு வெப்பமானி வைத்துக்கொள்ளுங்கள்.

வைப்பதற்கு முன் கட்டைகளை ரெசின் வடியும்வரை நிறுத்தி, ஒவ்வொன்றையும் தனித்தனியே அலுமினியத் தாளில் சுற்ற வேண்டும். சூடேறும்போது சிறிதளவு ரெசின் வெளியே கசிந்து மேற்பரப்பில் பொருக்காக இறுகும். தாள் இல்லையென்றால் கட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சமையலுக்குப் பயன்படும் ஓவனை இந்த வேலைக்குத் தொடவே கூடாது.

ரெசின் போதுமான அளவு உள்ளே போயிருக்கிறது என்று எப்படி அறிவது?

மீண்டும் தராசுதான். மரம் எதுவாயினும், அதன் செல்சுவர்ப் பொருளின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.5 கிராம். இதை வைத்து எளிய கணக்கு ஒன்று போடலாம். 20 மில்லிமீட்டர் சதுரமும் 130 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட கட்டையின் கன அளவு 52 கன சென்டிமீட்டர். ஓவனில் உலர்ந்த பின் அது 21 கிராம் இருந்தால், மரப்பொருள் அடைத்திருக்கும் இடம் 14 கன சென்டிமீட்டர் மட்டுமே; மீதி 38 வெற்றிடம். ரெசினின் அடர்த்தி நீரைவிடச் சற்றுக் கூடுதல் என்பதால், உச்சகட்டமாக 40 கிராம் வரை ரெசின் ஏறலாம். அதாவது கட்டை தன் எடையைப் போல இரண்டு மடங்கு ரெசினைக் குடிக்க இடமிருக்கிறது. அதே அளவுள்ள 52 கிராம் அடர்மரக் கட்டையில் வெற்றிடம் 17 கன சென்டிமீட்டர்தான், அதிலும் பெரும்பகுதி அடைபட்ட குழாய்கள்.

ஆகவே "எத்தனை விழுக்காடு எடை கூட வேண்டும்?" என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. உங்கள் கட்டையின் உச்ச வரம்பைக் கணக்கிட்டு, இறுகிய பின் கிடைத்த எடையை அதனோடு ஒப்பிடுங்கள். இலேசான மரத்தில் வரம்பின் பாதியைக்கூட எட்டவில்லையென்றால், பம்ப் ஓடிய நேரமோ ஊறிய நேரமோ போதவில்லை. தண்ணீரில் போட்டுப் பார்ப்பதும் உண்டு: நன்கு ஊட்டப்பட்ட கட்டை மூழ்கும்.

குறைவாக ஏறிய கட்டைக்கு மறுபடியும் ஊட்டலாமா?

செய்யலாம், ஆனால் பலன் சிறிதுதான். முதல் முறை இறுகிய ரெசின் வெளிப்புறக் குழாய்களை அடைத்துவிட்டதால், இரண்டாவது முறை ரெசினுக்கு வழி இருக்காது.

சாயம் கலந்து வண்ணக் கட்டைகள் செய்யலாமா?

செய்யலாம். சாயத்தில் நீரோ ஆல்கஹாலோ இருக்கக் கூடாது. ரெசினுக்கென்றே செய்யப்பட்ட சாயமாக இருக்க வேண்டும். சாயம் எல்லா இடத்திலும் ஒரேபோலப் பிடிக்காது. வெளிறுப் பகுதியும் பூஞ்சை தின்ற பகுதியும் நிறத்தை அள்ளிக் குடிக்கும்; வைரம் தன் நிறத்திலேயே நிற்கும். இதைக் குறை என்று நினைப்பவர்கள் உண்டு. என் கண்ணுக்கு வண்ணக் கட்டையின் அழகே அந்த வேறுபாடுதான். வெளிர்நிறச் சாயங்கள் மரத்தின் மஞ்சளோடு கலந்து மாறிவிடும் என்பதால், நீல ரெசினில் போட்ட மரம் பச்சையாக வெளிவந்தால் வியக்க வேண்டாம்.

பெரிய ஓட்டைகளும் விரிசல்களும் நிரம்பிவிடுமா?

நிரம்பாது. தண்ணீரைப் போன்ற ரெசின், கட்டையை வெளியே எடுத்ததும் ஓட்டைகளிலிருந்து வழிந்துவிடும். சிறு விரிசலைப் பின்னர் சூப்பர் குளூவால் அடைக்கலாம். பெரிய பொந்துகள் உள்ள கட்டையை, முதலில் மேற்சொன்னபடி ஊட்டி இறுக வைத்துவிட்டு, பிறகு அச்சில் வைத்து வார்ப்பு ரெசின் ஊற்ற வேண்டும். இந்த வரிசையை மாற்றக் கூடாது. பாலியூரித்தேன் வகை வார்ப்பு ரெசின்கள் ஈரம் பட்டால் நுரைத்துவிடும். ஓவனில் உலர்ந்து ரெசின் ஏறிய கட்டையில் அந்தத் தொல்லை இல்லை.

துளையிடுவதிலும் கடைவதிலும் என்ன வேறுபாடு?

இறுகிய கட்டை, மரத்துக்கும் அக்ரிலிக்குக்கும் இடைப்பட்டது. துளையிடும்போது வெப்பம்தான் எதிரி. கூரிய பிட்டை மெதுவான வேகத்தில் செலுத்தி, சிறிது சிறிதாகத் துளைத்து, ஒவ்வொரு முறையும் வெளியே எடுத்துத் துருவலை அகற்றுங்கள். மெல்லிய பேனாக்களில் துளைக்குள் செருகும் 7 மில்லிமீட்டர் பித்தளைக் குழாயை ஒட்ட எபாக்ஸி நல்லது. சூப்பர் குளூ பாதி வழியிலேயே பிடித்துக்கொண்டு குழாயை நகரவிடாமல் செய்துவிடும். உளி வழக்கத்தைவிட விரைவில் மழுங்கும். மெருகேற்ற, உப்புத்தாளைப் படிப்படியாக நுண்மையாக்கித் தேய்த்துத் துணிச்சக்கரத்தில் பளபளப்பாக்கினாலே பல கட்டைகளுக்குப் போதும். இற்ற மரமாக இருந்தால் மேலே சூப்பர் குளூப் பூச்சு கொடுப்பதே பாதுகாப்பு. ரெசின் ஊட்டிய மரமும் ஈரத்துக்கு ஏற்பச் சிறிதளவு அசையும், அது முழு நீர்த்தடுப்பு ஆவதில்லை.

உடல்நலத்துக்குக் கேடு உண்டா?

இறுகாத மெத்தாக்ரிலேட் தோலில் தொடர்ந்து பட்டால் ஒவ்வாமை உண்டாகலாம். ஒருமுறை வந்த ஒவ்வாமை எளிதில் விலகாது. நைட்ரைல் கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். தீச்சுடர் அருகில் இருக்கக் கூடாது. கடையும்போது எழும் தூசியில் ரெசினும் மரமும் பூஞ்சை வித்துக்களும் கலந்திருப்பதால், துணியை முகத்தில் கட்டிக்கொள்வது போதாது. நுண்தூசி வடிகட்டும் முகக்கவசம் வேண்டும்.

மிஞ்சிய ரெசினை என்ன செய்வது?

வினையூக்கி கலந்த ரெசினுக்கு ஆயுள் வரம்பு உண்டு. குளிர்ந்த, வெயில் படாத இடத்தில் வைத்தால் அது நீளும். துருவலையும் தூசியையும் மெல்லிய துணியில் வடிகட்டிவிட்டு மீண்டும் பயன்படுத்தலாம். சாயம் கலந்ததை ஒருபோதும் தெளிந்த ரெசின் புட்டியில் திருப்பி ஊற்றக் கூடாது. கெட்டியாகத் தொடங்கிய ரெசினைச் சாக்கடையில் கொட்டாமல், அலுமினியத் தாளால் செய்த தட்டில் மெல்லிய படலமாக, சிறிது சிறிதாக ஊற்றி, கட்டைகளோடு ஓவனில் வைத்து இறுக வைத்த பின் எறியுங்கள். ஒரே நேரத்தில் அதிகமாக ஊற்றினால் இறுகும்போது அதுவே சூட்டை வெளியிட்டுப் புகையத் தொடங்கும். அரை சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் நான் ஊற்றுவதில்லை.